பச்சை வானுக்குப் போட்ட தகடு

போன மாதம் என் காரை வருடாந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் விட்டேன். லண்டனில், செவன் கிங்ஸில் நம்மவர் ஒருவர் நடத்தும் சின்னக் கராஜ் அது. வெளியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த என்னை மெக்கானிக் உள்ளே கூப்பிட்டார். கார் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. டோர்ச் அடித்துக் காட்டினார்.

"அங்கிள், பின் ஸ்பிரிங் ஒண்டு முறிஞ்சு கிடக்கு. மாத்தும்வரைக்கும் பாரம் ஏத்தாதேங்கோ."

சரி என்றேன். "சொன்னது விளங்கினதுதானே? உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்" என்றார் மறுபடி. இரண்டு தரம் சொல்லவேண்டிய வயது இவருக்கு என்று நினைத்திருப்பார். விளங்காமல் இல்லை. துருப்பிடித்த நட்டுகளை இளக்கத் தெளிக்கும் எண்ணெயின் மணம் அந்த இடம் முழுக்க நின்றது. மண்ணெண்ணெயும் பழைய செப்புக் காசும் கலந்தது போன்ற மணம். அது மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்து நான்கு வயதாகிவிட்டது. முதுகுக்குக் கீழே ஈஸ்ட் ஹாம் தெரு ஒன்றின் குளிர்ந்த தார். முகத்துக்கு நேரே ஒரு பச்சை வான் வண்டியின் வயிறு.

அந்த வான் அன்ரன் அண்ணையுடையது. எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வந்து இறங்கியபோது, அவர் வீட்டின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை எனக்குக் கிடைத்தது. கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. பக்கவாட்டில்தான் உள்ளே போகவேண்டும். அப்போது எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்றைய என் உடம்பு அந்தக் கதவுக்குள் நுழையாது என்பது வேறு கதை.

அன்ரன் அண்ணை மன்னார்க்காரர். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். அரிசி மூட்டையைத் தட்டிப் பார்த்தே என்ன அரிசி, எத்தனை மாதப் பழசு என்று சொல்லிவிடுவார். லண்டனில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். பார்க்கிங் என்ற இடத்தில் இருந்த ஒரு இறக்குமதிக் களஞ்சியத்திலிருந்து அரிசியும் மாவும் பருப்பும் ஏற்றி, ஈஸ்ட் ஹாம், செவன் கிங்ஸ், வால்தம்ஸ்டோ என்று நம்மவர்களின் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். என் பெற்றோல் நிலைய ஷிப்ட் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். வானுக்குள் எப்போதும் சாக்கு மணமும் செத்தல் மிளகாய் மணமும் இருக்கும். நான் எந்த பஸ்ஸில் ஏறினாலும் பக்கத்தில் இருப்பவர் தும்முவார்.

அவருக்கு இங்கிலீஷ் வராது. இலக்கங்கள் வரும், காலை வணக்கம் வரும், வானிலையைப் பற்றி ஒரு வசனம் வரும். அதற்கு மேல் போனால் என்னைப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தோடு இங்கிலீஷ் படித்தவன். களஞ்சியத்து வெள்ளைக்காரன் வேகமாக ஏதாவது சொல்லி முடித்ததும், "என்னவாம்?" என்று அண்ணை கேட்பார். அந்த "என்னவாம்" எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெற்றோல் நிலையத்தில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, எத்தனையாம் இலக்கப் பம்ப் என்பதைத் தவிர.

சிக்கல் வானின் பின்பக்கத்தில் வந்தது. அது சின்ன வான். முப்பது மூட்டை ஏற்றினாலே பின்பக்கம் தெருவில் குந்திவிடும், முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். பின்சில்லு மேலே முட்டி ரயர் தேயும் மணம் உள்ளே வரும். ஒரு நாள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, வானைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எச்சரித்து அனுப்பினார். அண்ணைக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. பெரிய வான் வாங்க வழியில்லை. புது ஸ்பிரிங் போட எவ்வளவு என்று ஒரு கராஜில் கேட்டு வந்தேன். தொகையைக் கேட்டதும் அவர் மனைவி மெற்றில்டா அக்கா, "அதுக்கு நீங்கள் ரெண்டு பேரும் மூட்டையைத் தலையில வச்சுக் கொண்டுபோங்கோ" என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அண்ணை, ஊரில லொறிகளுக்கு என்ன செய்யிறவை? ஒரு தகடு கூடப் போடுவினம். நான் செய்திருக்கிறன்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரில், கொக்குவிலில் ஒரு லொறிக் கராஜில் நான் ஐந்து மாதம் நின்றது உண்மை. தகடு போடுவதைப் பார்த்ததும் உண்மை. ஆனால் செய்தவர்கள் வேறு ஆட்கள். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், அதிலும் பாதி தரம் பிழையான ஸ்பானர்.

அந்தக் கால வான்களின் பின்பக்கம் வில்லுப் போல வளைந்த இரும்புத் தகடுகளில்தான் தங்கி நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். பழைய வான் ஒன்றிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்து அடுக்கில் செருகினால் பின்பக்கம் இறுகும், குந்தாது. நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பழைய வாகனங்கள் உடைக்கும் யார்டு ஒன்றுக்குப் போனோம். கால்வாய்க் கரையில், ரயில் பாதைக்குக் கீழே, கார்கள் மூன்று அடுக்காகக் கிடந்தன. தரை முழுக்கச் சேறும் எண்ணெயும். அதை நடத்தியவர் மேல்வரிசைப் பல் இல்லாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டு அதற்கு மேல் இன்னொரு தொப்பி போட்டிருந்தார். எங்கள் வான் மாதிரியே ஒன்று அங்கே கிடந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகளை அவரே கழற்றித் தந்தார். தந்துவிட்டு எங்கள் வானுக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு என்னை அருகே கூப்பிட்டார்.

பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி இருந்தது. விரல் பருமன். அதைத் தொட்டுக் காட்டி அவர் சொன்னார். பாரம் ஏறி வான் பதிகிறபோது இந்தக் கம்பி அசையும். அசைந்தால்தான் பின்சில்லுகளுக்குப் பிறேக் முழுதாகப் போகும். நீ தகடு போட்டு உயர்த்தினால் வான் பதியாது. எவ்வளவு ஏற்றினாலும் வெறும் வான் என்றே இந்தக் கம்பி நினைக்கும். பாரத்தை நிப்பாட்டும் வேலை முழுக்க முன்சில்லில் விழும். தகடு போட்டால் இதைத் திருத்தி வைக்கவேண்டும், தெரிந்தவனிடம் காட்டு. திருத்தினாலும் இந்த வான் ஏற்றக்கூடிய பாரம் பழைய பாரம்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டு அண்ணையைக் கையால் காட்டி, "அவரிடம் சொல்லு" என்றார்.

அவர் பேசியது கிழக்கு லண்டன் இங்கிலீஷ், பல்லும் இல்லாத வாய். ஆனாலும் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று இவ்வளவு காலத்தில் ஒரு முறையாவது எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. அவர் கம்பியைத் தொட்ட விரலில் கறுப்புக் கிரீஸ் பட்டிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அண்ணை இரண்டு தகடுகளையும் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் முழுக்கச் சந்தோஷம்.

"என்னவாம்?" என்றார்.

"நல்ல தகடாம் அண்ணை. கனகாலம் நிக்குமாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் தயங்குவார், தெரிந்தவனிடம் காட்டுவோம் என்பார். தெரிந்தவன் நான் இல்லையென்று ஆகிவிடும். அந்தக் கம்பியைப் பிறகு நானே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "பிறகு" என்பது அந்த வயதில் பெரிய இடம். எதையும் அதற்குள் போட்டு வைக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. அண்ணை பூசைக்குப் போய் வந்து, கோவிலுக்குப் போட்ட சேட்டைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். தெருவிலேயே ஜாக் அடித்து வானைத் தூக்கினோம். நட்டுகள் ஒன்றும் அசையவில்லை. எண்ணெய் தெளித்து, காத்திருந்து, தட்டி, திட்டி, மறுபடி தெளித்து, இரண்டு நட்டுக்கு ஒரு காலைப்பொழுது போனது. மெற்றில்டா அக்கா மீன் குழம்பும் புட்டும் வாசலுக்கே கொண்டுவந்து தந்தார். கையில் எண்ணெய் பட்டிருந்ததால் அண்ணை வாயைத் திறக்க, அக்கா தெருவில் வைத்து அவருக்கு ஊட்டிவிட்டார். எதிர்வீட்டு வெள்ளைக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். எண்ணெய் மணமும் மீன் குழம்பு மணமும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகத்தான் வரும். அப்படி ஒரு மணத்தைச் சந்தோஷம் என்று சொன்னால் ஆர் நம்புவார்கள்? ஆனால் நான் லண்டனில் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அதுதான்.

பின்னேரம் வேலை முடிந்தது. வான் பின்பக்கத்தை உயர்த்திக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவன் மாதிரி நின்றது. அண்ணை பின்கதவில் ஏறி நின்று குதித்தார். அசையவில்லை. "தம்பி, நீ எஞ்சினியர்!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். கம்பி அப்படியே இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, கை விறைத்தது, எனக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. நான் எழும்பி உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு முப்பது மூட்டை நாற்பதானது. பிறகு ஐம்பது. குந்தினால்தானே பாரம் தெரியும்? பொலிஸ் மறிப்பதும் நின்றது. வெறும் வான் ஓடும்போது ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் ஏறும். அக்கா ஒரு நாள் ஏறிவிட்டு, "இனிமேல் நான் நடந்தே வாறன்" என்றார். பாரத்தோடு நிற்பாட்டும்போது வான் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்பதை நான் கவனித்தேன். "பிறேக்கைக் கொஞ்சம் முந்தி மிதியுங்கோ அண்ணை" என்று ஒரு தரம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, பங்குனி மழை நாள் ஒன்று. நான் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். அண்ணை தனியாக வால்தம்ஸ்டோவுக்குப் போனவர். அங்கே ஒரு இறக்கம், இறக்கத்தின் அடியில் பாதசாரிக் கடவை. ஒரு பெண் குழந்தைத் தள்ளுவண்டியோடு கடக்கத் தொடங்கியிருக்கிறாள். அண்ணை மிதித்திருக்கிறார். வான் நிற்கவில்லை. முன்சில்லுகள் இறுகி வழுக்கிக்கொண்டு போக, ஐம்பது மூட்டையும் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. அவர் அவளுக்கு நேரே விடாமல் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி, ஒரு செங்கல் மதிலில் கொண்டுபோய் மோதினார். அவளுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை. தெருவெல்லாம் அரிசி. அண்ணையின் வலது கால் பிறேக் கட்டையோடு சேர்ந்து நசிந்துபோயிருந்தது.

அக்காவின் போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அவர் கேட்க நான் தமிழில் சொல்ல, அண்ணை சொல்ல நான் இங்கிலீஷில் சொல்ல. எத்தனை மூட்டை, எவ்வளவு வேகம், எப்போது மிதித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். பிறகு அவர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: வானின் பின் ஸ்பிரிங்கில் யாரோ கூடுதலாகத் தகடு போட்டிருக்கிறார்கள், பிறேக் கம்பியைத் திருத்தவில்லை, அதைச் செய்தது யார்?

அண்ணை என்னைப் பார்த்தார். "என்னவாம்?" என்றார்.

"வானை ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறார் அண்ணை" என்றேன்.

அண்ணை காலுக்கு மேலே போர்வையைத் தூக்கி வைத்திருந்த இரும்புக் கூட்டைப் பார்த்தார். "நான்தான் எண்டு சொல்லு. என்ர வான். எல்லாம் நான்தான்."

நான் திரும்பி, "தான்தான் செய்ததாகச் சொல்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோர்ட்டில் அவருக்குத் தண்டம் விதித்தார்கள். லைசென்ஸைப் பறிக்கவில்லை. ஆனால் கணுக்கால் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை. மிதிக்க ஏலாத காலோடு ஆர் வான் ஓடுவது? சொந்தக் கடை ஒன்று போடவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த மனுசன், முன்பு தான் மூட்டை இறக்கிய கடை ஒன்றிலேயே கல்லாவில் போய் இருந்தார். மெற்றில்டா அக்கா ஒரு ஒபீஸில் விடியக்காலைத் துப்புரவு வேலைக்குப் போனார். ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "நான்தான் ஆசைப்பட்டுக் கூட ஏத்தினனான்" என்றுதான் அண்ணை எல்லோரிடமும் சொன்னார்.

நான் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. அவருக்கு உதவி செய்தேன். ஆஸ்பத்திரிக் கடிதம், பெனிபிட் கடிதம், கவுன்சில் கடிதம், எல்லாம் நானே வாசித்துப் பதில் எழுதினேன். கல்யாணமாகி வேறு வீடு போன பிறகும், "தம்பி, ஒரு கடிதம் வந்திருக்கு, ஒருக்கா வந்து வாசிச்சுச் சொல்லன்" என்று போன் வரும். மழையோ பனியோ ஓடிப்போவேன். நல்லவன் என்று நம்மவர்களிடம் பெயர். ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு சொல்லும் விடாமல், காற்புள்ளியைக்கூட விடாமல் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் மகள் ஜெனிற்றாவின் முதல் நற்கருணை விருந்து. விபத்துக்கு அடுத்த வருடம் பிறந்தவள். வீடு நிறையச் சனம். சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணை தடியை ஊன்றி எழும்பி நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "இவன் எனக்கு வெறும் தம்பி இல்லை. இந்த நாட்டில என்ர காதும் வாயும் இவன்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். சனம் குறைந்த பிறகு, வீட்டுப் பின்வளவில் அவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு இருந்த இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பொலிஸ்காரர் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அது எனக்கு அண்டைக்கே தெரியும். அவன் ஸ்பிரிங் எண்டு சொன்னது விளங்காதோ எனக்கு? நீ பயந்துபோய் நிண்டாய். வந்து ரெண்டு வருசமும் ஆகேல்லை, அகதிக் கேஸ் முடியாமல் விசாவுக்கு நிண்ட நீ. என்ர கால் ஏற்கெனவே போயிட்டுது. ரெண்டு பேரும் போய் என்ன செய்யிறது?"

அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம். அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. யார்டுக் கிழவர் கம்பியைக் காட்டியதையும், "அவரிடம் சொல்லு" என்றதையும் சொன்னேன்.

அண்ணையின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகப் போனது. சிகரெட் சாம்பல் தானாக விழுந்தது.

"ரெண்டு தகட்டையும் பிடிச்சுக்கொண்டு நிண்ட நேரமோ?"

"ஓம் அண்ணை."

"நான் உன்னட்டைக் கேட்டனான். என்னவாம் எண்டு."

"ஓம்."

"அதைச் சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாக அல்ல. ஒரு கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டவர் தனக்குத்தானே சொல்வது போல. பிறகு தடியை எடுத்துக்கொண்டு, "வா, சனம் தேடும்" என்று உள்ளே போனார். போகும்போது அந்தக் காலை இழுத்து வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு முன்பும் எத்தனையோ தரம் கேட்டதுதான்.

அவர் என்னை விலக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அழைப்பு வரும், என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அவர் வருவார், பகிடி விடுவார், தேத்தண்ணி குடிப்பார். ஆனால் கடிதம் வாசிக்கக் கூப்பிடுவது நின்றுபோனது. ஜெனிற்றா படிக்கிறாள்தானே, அவள் வாசிப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அப்போது எட்டு வயது.

ஒரு நாள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், தபால் கந்தோருக்கு வெளியில் அவரைக் கண்டேன். கையில் ஒரு பழுப்பு உறை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை மறித்து, கடிதத்தை நீட்டி, அவள் வாசித்துச் சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பெண் ஹிந்திக்காரி. அரைகுறை இங்கிலீஷும் கைச்சாடையுமாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அண்ணை என்னைக் கண்டார். கையைத் தூக்கிச் சிரித்தார். பிறகு திரும்பி அவள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார். நான் தெருவின் மறுபக்கத்தில், ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போகும்வரை நின்றேன்.

இப்போது அந்தத் தபால் கந்தோர் இல்லை. வாகனம் உடைக்கும் யார்டு இருந்த கால்வாய்க் கரையில் கண்ணாடி பல்கனி வைத்த குடியிருப்புகள் நிற்கின்றன. நாங்கள் வானுக்குக் கீழே படுத்திருந்த தெருவில் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட வண்டியை விட ஏலாது. அந்த மாதிரி வான்களையே காணக் கிடைப்பதில்லை. மெற்றில்டா அக்கா மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். அண்ணை போய்ச் சேர்ந்து ஆறு வருடம். கடைசி வருடங்களில் அவருக்குப் போன் இருந்தது. கடிதத்தின்மேல் பிடித்தால் அது தமிழில் வாசித்துக் காட்டும். பிழையாகத்தான் வாசிக்கும், சிரிப்பு வரும் என்று ஜெனிற்றா சொன்னாள். ஆனாலும் அவர் அதைத்தான் கேட்பாராம்.